சவுக்குத் தோப்புக்கு நேரே

ஆறு கடலில் கலக்கிற இடத்தில் ஒரு துறை. அங்கே தோணி ஓட்டுகிறவள் நாகவல்லி, வயது முப்பத்திரண்டு. அவளிடம் தொழில் பழக வந்த தவசிக்கு ஐம்பத்தொன்று. லாரி ஓட்டி அலுத்துப்போய் வந்தவர்.

அவள் வைத்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். கடைசி நடை முடிந்ததும் உட்கார்ந்து எழுத வேண்டும். மூங்கில் கழி எங்கே ஊன்றியது, எங்கே வழுக்கியது, எத்தனை முழம் தண்ணீர். எழுதாவிட்டால் மறுநாள் கழியைத் தொடக்கூடாது.

தவசி ஒரு நாள் தவறவில்லை. காய்ச்சலில் நடுங்கிக்கொண்டுகூட எழுதினார். நாலு மாதத்தில் மூன்று நோட்டு தீர்ந்தது. ஆனாலும் ஆள் ஏறிய தோணியை அவள் அவர் கையில் கொடுத்தபாடில்லை. அமாவாசைக்குள் வடக்குத் துறைக்குப் புது ஆள் போடப்போகிறார்கள். நாகவல்லி தலையாட்டினால் அந்த வேலை அவருக்குத்தான்.

அன்று காலை வெடித்துவிட்டார்.

“இன்னும் என்னதான் வேணும் உனக்கு? என் மக வயசுதான் இருக்கும் உனக்கு. நானும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாட்டம் எழுதிக்கிட்டே கிடக்கேன்!”

“கத்தாதீங்க. நோட்டைக் கொண்டாங்க.”

தோணியில் கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்காரி செல்லக்கிளி எட்டிப் பார்த்தாள். “அடேயப்பா! அச்சடிச்ச மாதிரி எழுத்து!”

நாகவல்லி புரட்டப் புரட்ட அவள் மூக்கு விடைத்தது.

“‘சவுக்குத் தோப்புக்கு நேரே மூணு முழம்.’ சித்திரையில நான் சொன்னது. வைகாசியிலயும் இதேதான். நேத்து ஆடியிலயும் இதேதான்!”

“பின்னே? ஒரு எழுத்து மாத்தலை. தூக்கத்துல எழுப்பிக் கேளு, சொல்றேன்.”

அவள் தன் நோட்டை அவர் மடியில் எறிந்தாள். உப்பேறிய அட்டை. உள்ளே பக்கத்துக்குப் பக்கம் அடித்தல் திருத்தல். ‘நேத்து எழுதினது தப்பு.’ ‘மணல் மேடு நகர்ந்திருக்கு.’ ‘தெரியலை, நாளைக்குப் பார்க்கணும்.’

தவசிக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது.

“பதினாலு வருசமா ஓட்டுறவ, தெரியலைன்னு எழுதி வச்சிருக்கே! உன்கிட்டயா நான் படிக்க வந்தேன்?”

அவள் கழியை எடுத்து அவர் நெஞ்சில் அழுத்தினாள்.

“பிடிங்க. ஓட்டுங்க.”

வாங்கிக்கொண்டார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓட்டினார். சவுக்குத் தோப்புக்கு நேரே வந்ததும், மூன்று முழத்துக்குக் கணக்காகக் கழியை இறக்கினார். இறங்கிய வேகத்தில் அது தரையில் முட்டித் தோளை உலுக்கியது. தோணி கரக்கென்று மணலில் ஏறி நின்றது.

“லாரி பஞ்சரா அண்ணே?” என்றாள் செல்லக்கிளி. “மீன் நாறுறதுக்குள்ள கரை சேருமா, இல்லை இங்கேயே கடை போடட்டுமா?”

தவசி குதித்தார். தண்ணீர் முழங்காலுக்குக்கூட வரவில்லை. தோள் கொடுத்துத் தள்ளினார். தோணி அசையவில்லை. திரும்பி நின்று தண்ணீரைக் கையால் அறைந்தார்.

“நீதானே சொன்னே, மூணு முழம்னு! உன் வாயாலதானே சொன்னே!”

“சொன்னேன்.”

“அப்புறம் இது என்னது?”

நாகவல்லி தோணியிலிருந்து குனிந்து, அவருடைய நோட்டையும் பேனாவையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“எழுதுங்க.”

“இப்பவா? என்னத்தை எழுத?”

“காலுக்குக் கீழே இருக்கிறதை.”