பத்தாயிரத்து ஏழு கற்களும் ஒரு லாபமும்

முன்னொரு காலத்தில், நெல்லை மூட்டை கட்டி மாளாத குறுவை நாட்டில் பேச்சி என்றொரு பெண் இருந்தாள். பேருக்கேற்ற வாய்.

அந்த நாட்டில் அறுவடை முடிந்ததும் ராஜா முதல் கைக்குழந்தை வரை களத்தில் வந்து நிற்பார்கள். நெல்லைப் பங்கிடத் தலை எண்ணுவார்கள். நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலை "ஒன்று" என்று சொல்வார்களா? "லாபம்" என்றுதான் தொடங்குவார்கள். தலை எண்ணுவதற்கும் அதே வழக்கம்தான். அந்த வருஷம் முண்டியடித்து முதலில் நின்றவள் பேச்சி. "லாபம், ரெண்டு, மூணு..." என்று தொடங்கிய கணக்கர், கடைசியில் தன்னையும் எண்ணி முடித்தார்.

உடனே களத்தோரப் புளியமரத்துக்குப் பின்னாலிருந்து மந்திரவாதி கபாலகேசன் வெளியே வந்தான். "இன்று இந்தக் களத்தில் எண் விழுந்த தலையெல்லாம் கல்லாகட்டும்" என்று கோலைத் தட்டினான்.

ராஜா கல்லானார். கணக்கர் கல்லானார். பேச்சியின் அம்மாவும் கல்லானாள், தம்பியும் கல்லானான். பேச்சி மட்டும் நின்றாள். ஏன் என்று அவனுக்கே விளங்கவில்லை.

"எங்க சனத்தை விடு" என்றாள். குரல் இறங்கவில்லை.

"பத்தாயிரத்து ஏழு கல். மீதியில்லாமல் சமமான வரிசைகளாக நிறுத்து, விடுகிறேன். எல்லாம் ஒரே வரிசையாகவும் கூடாது, வரிசைக்கு ஒற்றைக் கல்லும் கூடாது. மூன்று தடவைதான். தவறினால் நீயும் கல். என் கோல் மேல் ஆணை."

அவனுக்கென்ன பயம்? அது பகா எண். இரண்டிலிருந்து நூறு வரை எதால் வகுத்தாலும் மீதி விழும். நூறைத் தாண்டிப் பார்க்கவே வேண்டாம். வரிசைக்கு நூற்றுக்கு மேல் நிறுத்தினால் வரிசைகள் நூற்றுக்குள் அடங்கிவிடும், அதைத்தான் ஏற்கெனவே பார்த்தாயிற்றே.

"மும்மூணா நில்லுங்க" என்றாள் பேச்சி. கற்கள் உருண்டன. கடைசி வரிசையில் இரண்டே கல்.

"இரண்டு மீதி" என்று சிரித்தான்.

"எட்டெட்டா நில்லுங்க."

"ஏழு மீதி."

"ஒம்பதொம்பதா நில்லுங்க."

"எட்டு மீதி. உன் கதை முடிந்தது" என்று கோலை ஓங்கினான்.

"மீதி மீதின்னு நீதான் கத்துற. எனக்கு மூணு தடவையும் ஒண்ணே ஒண்ணுதான் குறையுது" என்று சொல்லிக்கொண்டே பேச்சி நடந்தாள். கடைசி வரிசையில், கல்லாய் நின்ற அம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"வரிசையில் கல்தான் நிற்க வேண்டும்" என்று சீறினான்.

"அப்ப என்னையும் கல்லாக்கு. ஓங்கின கோல் ஏன் நின்னுபோச்சு?"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. கோலைத் தட்டியேவிட்டான். பேச்சி கல்லானாள். கற்கள் பத்தாயிரத்தெட்டு ஆயின. ஒன்பது ஒன்பதாக வரிசை நிறைந்தது, மீதி இல்லை. ஆணை பலித்தது. களம் முழுக்க மூச்சு வந்தது. தம்பி வீல் என்று அழுதான், அம்மா பேச்சியைக் கட்டிக்கொண்டாள்.

"உன்னை எப்படித் தவறவிட்டேன்?" என்று முனகினான் மந்திரவாதி.

"இந்த ஊருல முதல் ஆளு லாபம். எண்ணே விழாத தலை என்னோடது. நாங்க சொல்லாம விட்ட எண்ணு ஒண்ணு இருக்கு, அதை நீயே வச்சுக்கோ." பேச்சி அவனை நோக்கி விரலை நீட்டினாள். "ஒன்று."

அவன் போட்ட மந்திரம் அவன் தலையிலேயே விழுந்தது. அந்தக் கல்லின் மேல்தான் குறுவை நாட்டார் இன்றும் மரக்காலைக் கவிழ்த்து வைக்கிறார்கள். தலை எண்ணும்போது அதை யாரும் சேர்ப்பதில்லை.