மூடியைத் திறக்காத பூங்காவனம்

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி, மலைங்க எல்லாம் நடந்து திரிஞ்ச காலத்துல, வாசனாபுரின்னு ஒரு நாடு இருந்துச்சு. அந்த நாட்டு ஓமத்துக்கு ஈடு இணை கிடையாது. பிள்ளைக்கு வயித்து வலியா, ஒரு கரண்டி ஓமத்தண்ணி. பெரியவங்களுக்குச் செரிக்கலையா, ரெண்டு கரண்டி. சொல்றப்பவே எனக்கு நெஞ்சு நிமிருது.

அந்தப் பெருமை ஒருத்தனுக்குப் பொறுக்கலை. மலை உச்சியில இருந்த புகைவாயன்ங்கிற மந்திரவாதிதான் அவன். ஒரு மந்திரம் போட்டான். அன்னையிலேருந்து யார் ஓமம் கொதிக்க வச்சாலும், வாசனை ஆவியோட கிளம்பி அவன் மூக்குக்குள்ள போயிடும். அவனுக்கு வயசு குறையும். பானையில மிஞ்சுறது வெறும் பழுப்புத் தண்ணி.

மருந்து இல்லாம ஊர்ப் பிள்ளைங்களுக்கு வயித்துல முடிச்சு விழுந்துச்சு. அரண்மனையில பாத்திரம் தேய்க்கிற பூங்காவனத்தோட மூணு வயசு மக செல்லக்கிளி, ரெண்டு நாளா ஒரு பருக்கை தின்னலை. மூணாம் நாள் பொழுது சாயுறதுக்குள்ள முடிச்சு அவிழலைன்னா பிள்ளையே கல்லாயிடும்னு புகைவாயன் சபைக்கே வந்து சிரிச்சான்.

"ஒரு மூச்சு வாசனைகூட என்கிட்ட வராம ஒரு கிண்ணம் ஓமத்தண்ணி எடுங்க பார்ப்போம். அதை ஒரு பிள்ளை குடிச்சா என் மந்திரம் செத்துச்சு"ன்னான். கெட்டவனுக்கு வாய் நீளம். அதுதானே நமக்கு நல்லது.

அரண்மனை வைத்தியர் மூடி போட்டுத்தான் காய்ச்சினார். ஆனா பாழாப்போன பழக்கம், மூணு தடவை திறந்து மோந்து பார்த்தார். மூணு தடவையும் வாசனை மலையேறிடுச்சு. அப்புறம் சேனாபதி உரல்ல போட்டு இடிச்சார். சபை முழுக்கத் தும்மினதுதான் மிச்சம்.

மூணாம் நாள் மத்தியானம் பூங்காவனம் முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு முன்னால வந்து நின்னா. பாத்திரம் தேய்க்கிறவளுக்கு வைத்தியம் என்ன தெரியும்னு முணுமுணுத்தாங்க. அவ தலை குனியலை.

"பானையைத் தேய்க்கிறதும் நான், மூடியைத் தேய்க்கிறதும் நான், மகாராஜா. ஓமத்தோட உசிரு மூடிக்கு அடியில வியர்க்கிற தண்ணியில இருக்கு. பத்து வருஷமா என் கையில மணக்குது"ன்னா.

சமையல்கட்டுக்குப் போய், பெரிய அண்டாவுல தண்ணியும் ஓமமும் போட்டா. நடுவுல ஒரு கல்லை வச்சு, அது மேல கிண்ணத்தை வச்சா. அண்டா வாய்க்குக் குண்டுச் சட்டியை மூடியா வச்சு, சட்டி நிறையப் பச்சைத் தண்ணி ஊத்தினா. சுத்திலும் கோதுமை மாவைப் பிசைஞ்சு அப்பினா. ஆவி மேல போய், குளிர்ந்த சட்டியில முட்டி, சொட்டுச் சொட்டாக் கிண்ணத்துல விழணும். அவ்வளவுதான் சூட்சுமம்.

முதல் தடவை சட்டித் தண்ணி சுட்டுச்சு. மாத்தினா. உடனே வைத்தியர் வந்தார். வெந்துருச்சான்னு பார்க்கணும், திறன்னார். பூங்காவனம், "மூடி மூடியாவே இருக்கட்டும்"னா. வந்தது புகைவாயனோட மாயம், புகையாக் கலைஞ்சு போச்சு.

ரெண்டாந்தடவை தண்ணி மாத்தினா. ராஜாவே வந்து, என் ஆணை, திறன்னார். "மூடி மூடியாவே இருக்கட்டும்"னா. அந்த ராஜாவும் புகையாப் போனார்.

மூணாந்தடவையும் தண்ணி மாத்தி, அடுப்பை அணைச்சா. இனிமே எல்லாம் ஆறணும். சூட்டோட திறந்தா ஆவி பறந்திடும். ஆனா அது ஆறுற வரைக்கும் பொழுது நிக்குமா? சூரியன் மலையைத் தொட்டுக்கிட்டு இருந்துச்சு. அப்போ மக படுத்திருந்த பக்கத்து அறையிலேருந்து செல்லக்கிளி குரல் வந்துச்சு.

"அம்மா, வலிக்குதும்மா. மூடியைத் திறம்மா."

பெத்த வயிறு பத்தி எரிஞ்சுது. அது பிள்ளைதானா, பேய்தானா, அவளுக்குத் தெரியலை. கண்ணுல தண்ணி தாரையா ஓட, சட்டியை ரெண்டு கையாலயும் அமுக்கிக்கிட்டா.

"நீ என் பிள்ளையாவே இருந்தாலும் பொறுத்துக்கோடி தங்கம். உனக்காகத்தான். மூடி மூடியாவே இருக்கட்டும்."

குரல் அடங்குச்சு. சூரியன் முழுசா மறையறதுக்கு முன்னாடியே சட்டி சில்லுன்னு ஆச்சு. மாவைப் பேத்துத் திறந்தா, கிண்ணம் நிறையப் பளிங்கு மாதிரி தண்ணி. ஆவி இல்லாம வாசனைக்கு மலையேறத் தெரியலை. ஓடிப்போய் மக வாயில புகட்டினா. ஏவ்னு ஒரு ஏப்பம். முடிச்சு அவிழ்ந்துச்சு, ஊர்ப் பிள்ளைங்க எல்லாருக்கும்தான். அந்த ஏப்பத்துலயே குறைஞ்ச வயசெல்லாம் புகைவாயன் தலையில திரும்ப விழுந்து, அவன் மக்கி மண்ணாப் போனான்.

ராஜா பட்டும் பல்லக்குமா வந்து, இன்னையிலேருந்து இந்த நாட்டுக்கு வைத்தியம் நீதான், என்ன வேணும் கேளுன்னார். அதுக்குள்ள செல்லக்கிளி, "அம்மா, பசிக்குது"ன்னா.

பூங்காவனம் ராஜாவைப் பார்த்து, "கொஞ்சம் நில்லுங்க மகாராஜா, பிள்ளை சாப்பிடட்டும்"னா.

கிரீடம் வச்ச ராஜா, வைத்தியர், சேனாபதி எல்லாரும் சமையல்கட்டு வாசல்ல வரிசையா நின்னாங்க. உள்ளே பிள்ளை ஒரு வாய் தின்னா, ரெண்டு வாய் தின்னா, மூணாவது வாய்க்கு இன்னும் கொஞ்சம் நெய் கேட்டா. அத்தனை பேரும் காத்துக்கிட்டு நின்னாங்க.

அவங்க நின்னது நெசம், நான் சொன்னது கதை, கேட்டவங்க வயிறு குளிரட்டும்.