பெட்டியின் மேல் நிற்கும் பெண்

இந்தக் கதை நிற்கிற இடத்தில் நீங்கள் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டிவரும். ஆகையால் சற்றுக் காதுகொடுத்துக் கேளுங்கள்.

திருப்பூரில் அமுதவல்லி என்று ஒரு தையற்காரர் இருந்தார். புற்றுநோய்க்காக இடப்பக்க மார்பை எடுத்துவிட்ட பிறகு, கடையில் கிடைத்த உள்ளாடை எதுவும் அவருக்குப் பொருந்தவில்லை. தனக்கென்று ஒன்றைத் தானே தைத்துக்கொண்டார். தோளை அறுக்காத அகலப் பட்டை. உள்ளே பஞ்சுத் திண்டு வைக்க ஒரு சின்னப் பை. சிகிச்சைக்குப் போன இடத்தில் பழகிய பெண்கள், 'எனக்கும் ஒண்ணு தெச்சுக் குடுங்கக்கா' என்று கேட்கக் கேட்க அதுவே தொழிலாயிற்று.

கோவையில் ஒரு மருந்துக்கடைக்காரர் அவற்றை விற்க ஒப்புக்கொண்டார். ஆனால் பெட்டிகள் அலமாரியை விட்டு நகரவில்லை. மேலே படம் இல்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. வாய்விட்டுக் கேட்கப் பெண்களுக்குக் கூச்சம். "படம் போட்டுக் கொண்டாங்க, முன்னாடியே வெக்கறேன். இல்லீன்னா எடுத்துட்டுப் போயிருங்க" என்றார் கடைக்காரர்.

யாரைப் படத்துக்கு நிற்கச் சொல்வது? இன்னொரு பெண்ணைக் கேட்க அமுதவல்லிக்கு மனம் வரவில்லை. தானே நிற்கவும் கூச்சம் விடவில்லை. அதனால் ரியாஸ், அனுசுயா, தேவசகாயம் என்ற மூன்று நண்பர்கள் சேர்ந்து நடத்திய விளம்பர நிலையத்துக்குப் போனார்.

அவர்களுக்குள் ஏற்கெனவே ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. சொன்னதைப் படமாக்கித் தரும் ஏஐ செயலிகளில் எதை வாங்குவது என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். இந்த வேலையே அதைத் தீர்க்கட்டும், அமுதவல்லி எடுக்கும் படம் எந்தச் செயலியில் பிறந்ததோ அதையே வாங்கிக்கொள்வோம் என்று மூவரும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்.

படங்கள் தயாரான அன்று அமுதவல்லி வந்து உட்கார்ந்தார்.

முதலில் ரியாஸ் காட்டினான். அழகில் அவன் செயலியை மிஞ்ச ஆளில்லை. சன்னல் வெளிச்சத்தில் ஒருத்தி திரும்பிச் சிரித்தாள்.

"தங்கமாட்டம் இருக்கறா புள்ள" என்று அமுதவல்லியும் சிரித்தார். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். நூல்போன்ற பட்டை, ஓரத்தில் பூவேலை. "ஆனா தம்பி, அவ போட்டிருக்கறது நான் தெச்சதில்லீங்களே?"

"எத்தனை தடவை சொன்னாலும் அது அப்படித்தாங்க்கா வரையுது. மறுபடி கேட்டா பொண்ணே மாறிடறா. இந்த முகம் திரும்பக் கிடைக்காது."

அடுத்து தேவசகாயம். உரிமை பெற்ற படங்களைக் கொண்டே பழக்கப்பட்ட செயலி அவனுடையது. "நாளைக்கு யாரும் என் படத்தை எடுத்துட்டீங்கன்னு சண்டைக்கு வரமாட்டாங்கக்கா." கொடியில் வண்ணச் சேலைகள் வெயிலில் காய்ந்தன. நடுவே ஒரு உள்ளாடை. பெண் யாரும் இல்லை. யாரையும் புண்படுத்தக் கூடாதென்று அவன் விட்டுவிட்டான். அந்தக் கரிசனம் அமுதவல்லிக்குப் புரிந்தது. தலையசைத்தார்.

அனுசுயா தன் கணினியைத் திருப்பவில்லை.

"அக்கா, காட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு உங்க வீட்ல துணியப் படமெடுத்தப்ப நீங்களும் ஒண்ணுல விழுந்திருந்தீங்க. முகத்த மாத்திட்டேன். ஆனா நிக்கற விதம் உங்களோடது. உங்களக் கேக்காமத்தான் எடுத்தேன். தப்புத்தான்."

பிறகுதான் திருப்பினாள். அவள் செயலி, கொடுத்த பொருளை அச்சு அசலாகப் படத்தில் கொண்டுவரும். படத்தில் ஒரு மூலையைத் தொட்டால் அந்த மூலையை மட்டும் மாற்றும். அகலப் பட்டை அப்படியே இருந்தது. மேலே தழும்பின் நுனி தெரிந்தது. செயலி அதை அழித்து அழித்து வழவழப்பாக்க, அனுசுயா விடாமல் திரும்பத் திரும்ப வரைந்து சேர்த்திருந்தாள். படத்துப் பெண் முந்தானையை இடப்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, தோளைக் குறுக்கி நின்றாள்.

 அமுதவல்லி குனிந்து தன்னையே பார்த்தார். அவர் வலக்கையும் அப்போது முந்தானையை அதேபோல் பிடித்திருந்தது.

"நான் இப்படியா நிக்கறேன்?" என்றார் மெல்ல. "எங்க வீட்டுக்காரரு கூட ஒரு நாளும் சொன்னதில்லையே."

அனுசுயாவுக்குக் கண் நிறைந்தது. "வேண்டாம்னா இப்பவே அழிச்சிடறேன்க்கா."

அழகாக வரைந்து பொருளைத் தவறவிட்டவன் ஒருவன். யாரையும் நோகடிக்காமல் பெண்ணையே விட்டுவிட்டவன் ஒருவன். உண்மையை வரைந்து, அதைக் கேளாமல் எடுத்தவள் ஒருத்தி. இதில் யார் செய்தது சரி? அமுதவல்லி எந்தப் படத்தை எடுத்திருக்க வேண்டும்?

விடை: ரியாஸின் பெட்டியை நம்பி வாங்குகிறவள் வீட்டில் திறந்து பார்த்து ஏமாறுவாள். தேவசகாயத்தின் பெட்டி, படம் இல்லாத பெட்டியைப் போலவே யாருக்கானதென்று சொல்லாமல் அலமாரியில் ஊமையாகக் கிடக்கும். அனுசுயா தேர்ந்த செயலியே இந்த வேலைக்குப் பொருத்தம். ஆனால் முன்கூட்டிக் கேட்காதது குற்றம்தான், பிறகு ஒப்புக்கொண்டதால் அது இல்லையென்று ஆகிவிடாது. மன்னிக்கும் உரிமை ஒரே ஒருவருக்குத்தான். அவர் சொன்னது இது: "அழிக்க வேண்டாம் கண்ணு. அந்தக் கைய மட்டும் எடுத்துரு. தோள நிமித்து. இப்படி நிக்கக் கூடாதுன்னுதானே இதத் தெச்சதே." அவள் செயலியால் அந்த இடத்தை மட்டும் மாற்ற முடியும். மாற்றினால் அது அமுதவல்லியின் பழைய நிற்பாக இருக்காது. கேளாமல் எடுத்தது அவரிடமே திரும்பிவிடும். "கைய எங்கக்கா வைக்கட்டும்?" என்று கேட்டாள் அனுசுயா. அமுதவல்லி எழுந்து, கூச்சத்தோடு இரண்டு கைகளையும் தொங்கவிட்டு அவள் முன்னால் நின்று காட்டினார். "சும்மா இருக்கட்டும், கண்ணு. பாத்துக்க, இப்படி."