வாசலில் சொன்ன ஜெபம்

அரிசி மூட்டை திரும்பி வந்த கோபத்தில் சற்குணம் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. மூட்டையைக் கொண்டுவந்து உபதேசியார் ஞானாபரணத்தின் வீட்டு முற்றத்தில் தொப்பென்று போட்டான்.

"யாருக்காவது குடுத்துருங்க ஐயா. எங்க அண்ணனுக்கு வேண்டாமாம்."

சற்குணத்துக்கு வயது நாற்பது தாண்டிவிட்டது. உபதேசியாரிடம் வேதம் படிக்க வந்த பிறகுதான் அந்தக் கட்டளையே அவனுக்குத் தெரியும். சகோதரன் நொடித்துப்போனால் தாங்கிப் பிடி, அவனும் உன் பக்கத்திலேயே பிழைக்கட்டும். கூடப் பிறந்த அண்ணன் மாசிலாமணியோ கிணறு வற்றி, வாழைத்தோட்டம் கருகி, ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தார். சற்குணம் படித்ததை அப்படியே செய்தான். அதற்குக் கிடைத்த மரியாதைதான் இது.

"எப்படிக் குடுத்த?" என்றார் உபதேசியார்.

"நேத்து ஆராதனை முடிஞ்சதும் கோயில் வண்டியில கொண்டு போனேன். வாசல்ல இறக்கி வச்சேன். நின்னு ஒரு ஜெபம் பண்ணினேன்."

"என்ன ஜெபம்?"

"'ஆண்டவரே, இந்த ஏழைக் குடும்பத்தக் கண்ணோக்கும்'னு."

"சத்தமாவா?"

"வண்டிக்காரர் 'ஆமென்' சொன்னாரு ஐயா."

உபதேசியார் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

"மத்தியானம் சாப்பிட்டியா?"

"இல்ல."

"அண்ணன் வீட்டுல போய்ச் சாப்பிடு. கையில ஒண்ணும் கொண்டு போகாத."

சற்குணத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லாதவர் வீட்டில் போய்க் கை நனைப்பதா? அண்ணன் மட்டும் வெளியே போடா என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான், நல்லது கெட்டது எதற்கும் இனிமேல் இரண்டு வீடும் சேராது. ஆனாலும் போனான்.

மாசிலாமணி கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தம்பி வந்தது தெரிந்தும் திரும்பவில்லை. சற்குணம் நேரே அடுப்படிக்குப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"மதினி, பசிக்கி."

மதினி கட்டிலைப் பார்த்தாள். எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது சற்குணத்துக்கு.

"பய பசிக்கிங்கான், பாத்துக்கிட்டு நிக்க?" கட்டிலிலிருந்து ஒரு அதட்டல் வந்தது. "எனக்கு வச்சிருக்கத ஊத்து."

கஞ்சி வந்தது, சுட்ட கருவாடும் வந்தது. கஞ்சியில் தண்ணீர்தான் தூக்கல். மாசிலாமணி எழுந்து வந்து எதிரே உட்கார்ந்தார். சின்ன வயதில் செய்ததுபோலவே கருவாட்டில் முள்ளெடுத்துத் தம்பி பக்கம் தள்ளினார். சற்குணத்தால் அழுகையை அடக்க முடியவில்லை.

"எங்க வாசல்லயே நின்னு எங்கள ஏழைன்னு ஆண்டவர்கிட்ட கோள் மூட்டுத. அவருக்குத் தெரியாதாக்கும்?"

"தப்புதான் அண்ணே."

"மூட்டை எங்கல?"

"ஐயா வீட்டுல."

"எடுத்துட்டு வா. சாயந்தரம் இங்கதான் சோறு. உன் பெஞ்சாதி பிள்ளைகளையும் கூட்டிட்டு வா."

சற்குணத்துக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, உபதேசியார் வீட்டுக்கு ஓட்டமாய் ஓடினான். நடந்ததையெல்லாம் சொன்னான். பிறகு மூட்டையைக் காட்டிக் கேட்டான்.

"நேத்துப் போனதும் இதே மூட்டைதான ஐயா?"

உபதேசியார் ஒரு கை கொடுத்து மூட்டையை அவன் தோளில் ஏற்றிவிட்டார்.

"மூட்டை அதேதான். நேத்துப் போனவன் தர்மவான். இன்னைக்குப் போனவன் தம்பி."