அரண்மனைச் சோறும் ஏரிக்கரையும்

முன்னொரு காலத்தில் மாந்தோப்பு நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதை ஆண்ட திருமேனிவர்மர் நல்லவர்தான். ஆனால் யார் பேசினாலும் அவர்கள் சொல்வதே சரி என்று அவருக்குத் தோன்றிவிடும். இரண்டு பேர் எதிரும் புதிருமாகப் பேசினால் இரண்டுமே சரி என்று தோன்றும். அப்போது கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தலையைச் சொறிவார்.

ஒருநாள் கீழைப்பட்டியிலிருந்து செங்கமலம் என்ற அரிசி வியாபாரி சபைக்கு வந்தாள்.

"மகாராஜா, போன மழையில எங்க ஏரிக்கரை உடைஞ்சு போச்சு. அதைக் கட்ட நீங்க பணம் கொடுத்ததாத் தண்டோரா போட்டாங்க. ஆனா இதுவரைக்கும் ஒரு கூடை மண்கூட வந்து விழலை. அடுத்த மழை வந்தா எங்க ஊரே முழுகிடும்."

அரசர் பொக்கிஷதாரர் தனகோடியாரைப் பார்த்தார்.

"கரையா? கட்டி முடித்தாயிற்றே அரசே! இந்த அம்மாள் சரியாகப் பார்த்திருக்க மாட்டாள்."

"பார்க்காமப் போறதுக்கு ஏரிக்கரை என்ன கடுகாய்யா?" என்றாள் செங்கமலம்.

அரசர் கிரீடத்தைக் கழற்றினார். "இவள் சொல்வதும் சரி. நீர் சொல்வதும் சரி. அப்படியானால் கரை இருக்கிறதா, இல்லையா?"

அமைச்சர் ஆதிநாதர் எழுந்தார். "அரசே, பொதுப்பணம் எங்கே போகிறது, சொன்ன வேலை நடந்ததா என்று நாடு முழுக்கப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஒரு தலைமைத் தணிக்கையாளரை நியமியுங்கள்."

"அருமை!" என்றார் அரசர்.

அமைச்சருக்கு நல்ல பெயர் கிடைத்தால் தனகோடியாருக்குப் பொறுக்காது. அவரும் எழுந்தார். "அந்த வேலைக்கென்றே பிறந்தவர் என் மாப்பிள்ளை! தங்குவதற்குக்கூட அரண்மனைக்குச் செலவில்லை, என் வீட்டிலேயே இருப்பார். நான் கூப்பிடும்போது வந்து பார்ப்பார். பார்த்ததை முதலில் என்னிடம் சொல்வார். பிழை இருந்தால் நான் திருத்தி உங்களிடம் தருவேன்."

"அட, இதுவும் அருமை!"

"இது ஆகாது அரசே" என்றார் ஆதிநாதர். "ஏன் என்பதை நாளை மதியச் சாப்பாட்டின்போது விளக்குகிறேன்."

"விளக்க முடியாவிட்டால்?" என்றார் தனகோடியார்.

"என் பதவியை விட்டுப் போய்விடுகிறேன். உங்கள் மாப்பிள்ளையே தணிக்கை செய்யட்டும்."

மறுநாள் செங்கமலத்தையும் தனகோடியாரையும் அழைத்துக்கொண்டு ஆதிநாதர் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தார். அரசர் நல்ல பசியோடு உட்கார்ந்திருந்தார். இலையில் கத்தரிக்காய்ப் பொரியலிலிருந்து ஆவி பறந்தது. அரசர் சாப்பிடுமுன் உணவுச் சோதகர் எல்லாவற்றிலும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்ப்பது அந்த அரண்மனை வழக்கம். ஆனால் அன்று சோதகரைக் காணவில்லை. யாரோ ஒரு குண்டு மனிதர் தூணில் சாய்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"யார் இவர்?"

"என் மைத்துனர், அரசே" என்றார் சமையல்காரர். "புதுச் சோதகர். என் வீட்டிலேயே தங்கியிருக்கிறார்."

"சரி, ஒரு வாய் சாப்பிடச் சொல்."

"நான் கூப்பிடும்போதுதான் சாப்பிடுவார்."

"எப்போது கூப்பிடுவாய்?"

"அநேகமாக அடுத்த வாரம்."

"எனக்கு இப்போது பசிக்கிறதே!"

"தாராளமாகச் சாப்பிடுங்கள், அரசே."

அரசரின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. "ஒருவேளை... விஷம் கிஷம் இருந்தால்?"

"இருந்தால் முதலில் என்னிடம் சொல்வார். நான் அதைத் திருத்தி, 'காரம் சற்றுக் கூடிவிட்டது' என்று உங்களிடம் தெரிவிப்பேன்."

அரசர் சோற்றைப் பார்த்தார், சமையல்காரரைப் பார்த்தார், விசிறிக்கொண்டிருந்தவரைப் பார்த்தார். "எனக்கு ஒன்றுமே புரியவில்லை. இது எந்த மடையன் செய்த ஏற்பாடு?"

"தணிக்கைக்குத் தனகோடியார் சொன்ன அதே ஏற்பாடு, அரசே" என்றார் ஆதிநாதர். "நேற்று நீங்கள்கூட அருமை என்றீர்கள்."

"நானா? நான் சோற்றைப் பற்றிப் பேசவே இல்லையே!" என்றார் தனகோடியார்.

"உங்கள் பழைய சோதகரை எதற்காக நம்பினீர்கள், அரசே?" என்று கேட்டார் ஆதிநாதர்.

அரசர் யோசித்தார். "நான் சாப்பிடுவதைத்தானே அவனும் சாப்பிடுகிறான்? கெட்டுப்போயிருந்தால் முதலில் வலிப்பது அவன் வயிறு."

"நாட்டுச் செலவைப் பார்ப்பவரும் அப்படித்தான் இருக்க வேண்டும். கரை பொய் என்றால் யார் வீட்டில் தண்ணீர் புகுமோ, அவரே பார்க்கட்டும். பார்த்ததை நேராக உங்களிடம் சொல்லட்டும். இதோ, செங்கமலம் இருக்கிறாள்."

தனகோடியார் உரக்கச் சிரித்தார். "அரிசி அளக்கிறவளா என் வேலையை அளப்பாள்? அரசே, கீழைப்பட்டிக் கரை மலைபோல நிற்கிறது!"

அரசருக்கு மறுபடியும் தலை சுற்றியது. "ஆதிநாதரே, இவர் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாரே?"

செங்கமலம் முன்னால் வந்தாள். "மலைபோல நின்னா நல்லதுதானே, மகாராஜா? கரைக்குக் கீழே, எங்க பக்கத்து வீடு காலியாத்தான் கிடக்கு. மழைக்காலம் முழுக்க ஐயா குடும்பத்தோட அங்க வந்து இருக்கட்டும். மாப்பிள்ளையும் வரட்டும். வாடகையே வேண்டாம்."

"அருமை!" என்றார் அரசர். "தனகோடியாரே, நீர் இன்றே அங்கே குடிபோக வேண்டும்."

வெளியே வானம் ஒருமுறை உறுமியது.

"ஐயோ, வேண்டாம் அரசே!" என்று அலறினார் தனகோடியார். "குழந்தை குட்டிகளோடு நான் எப்படி அங்கே இருப்பேன்? அங்கே கரையே இல்லையே!"

தூணில் சாய்ந்திருந்தவரின் விசிறி நின்றுவிட்டது.

"முதல் தணிக்கை முடிஞ்சுது, மகாராஜா" என்றாள் செங்கமலம்.

அன்றே அவள் தலைமைத் தணிக்கையாளர் ஆனாள். அரசர் தம் முத்துமாலையைக் கழற்றி ஆதிநாதருக்குப் போட்டார். தனகோடியார் விழுங்கிய பணம் முழுவதும் ஏரிக்குத் திரும்பியது. கரை எழும்பும்வரை அவர் அந்தக் காலி வீட்டில்தான் குடியிருக்க வேண்டும் என்பது தண்டனை. மேகத்தை அண்ணாந்து பார்த்துப் பார்த்து அவரும் மாப்பிள்ளையும் மண் சுமந்த வேகத்தைக் கண்டு ஊரே சிரித்தது.

மழைக்கு முன்பே வேலை முடிந்தது. செங்கமலம் கரை முழுக்க நடந்து பார்த்துவிட்டு நேராக அரசரிடம் போனாள்.

"கரை இருக்கு, மகாராஜா" என்றாள்.

அரசருக்கு அது ஒரே தடவையில் புரிந்துவிட்டது.