பம்பருக்குத் தொட்டில் கட்டிய வீடு

குண்டாங்குளத்தில் அறிவுக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஊரில் அது தேவைக்கு மேலேயே இருக்கிறது. பங்கு வைக்கும்போது ஒரே ஒரு வீட்டை மட்டும் மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

அந்த வீட்டில் அண்ணன் தம்பி மூன்று பேர். பெரியவன் பூதப்பாண்டி. எதைச் சொன்னாலும் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் சொல்வான். அப்படிச் செருமிச் சொன்னது தப்பாக இருக்காது என்பது மற்ற இருவரின் நம்பிக்கை. நடுவிலான் மாடக்கண்ணு, சந்தேகம் கேட்பதற்கென்றே பிறந்தவன். கடைக்குட்டி வடமலை. அவனுக்கு அந்த வருஷம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. மாமனார் வெயிலுமுத்து மாப்பிள்ளைக்கு ஒரு வெள்ளைக் கார் வாங்கிக் கொடுத்தார்.

சாவியைக் கையில் வைக்கும்போதே மாமனார் கறாராகச் சொல்லிவிட்டார்: "மாப்பிள்ளை, வார வெள்ளிக்கிழமை வந்து பாப்பேன். வண்டியில ஒரு கீறல் கண்ணுல பட்டுச்சோ, சாவியை வாங்கிக்கிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன்."

வடமலைக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு தூங்கினான். பாவம், கார் மேல் அவனுக்கு அப்படி ஓர் உயிர்.

ஷோரூம்காரர் வேறு வழியனுப்பும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். "வண்டியைப் பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கிடுங்க சார்" என்றார். எல்லாரிடமும் சொல்கிற வார்த்தைதான். எல்லாரும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இந்த மூன்று பேரும் வீட்டுக்கு வந்து கூடி உட்கார்ந்து யோசித்தார்கள்.

"பெத்த பிள்ளைக்கு முதல்ல என்ன செய்வோம்?" என்று பூதப்பாண்டி கேட்டான்.

"கண்ணு படாம நெத்தியில மை வைப்போம்" என்றான் வடமலை.

"காருக்கு நெத்தி எது?" என்றான் மாடக்கண்ணு.

நியாயமான சந்தேகம். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். இரண்டு விளக்கும் கண் என்றால், கண்ணுக்கு மேலே இருப்பதுதானே நெற்றி? அப்படியானால் முன்கண்ணாடிதான் நெற்றி என்று பூதப்பாண்டி செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னான். ஓட்டுகிறவன் முகத்துக்கு நேராக, தோசை அளவுக்கு ஒரு கருப்புப் பொட்டை வைத்தார்கள். திருஷ்டி எந்தப் பக்கம் இருந்தும் உள்ளே வர முடியாது. வெளிச்சமும்தான்.

மறுநாள் காலையில் வடமலை வண்டியை வெளியே எடுத்தான். பொட்டுக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான், அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான். பொட்டுக்கு நேரே இருந்ததை மட்டும் பார்க்கவில்லை. அங்கே இருந்தது வாசல் கேட்டின் தூண். பொங்கலுக்குக் காவி அடித்த தூண்.

'டொக்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால், வெள்ளை பம்பரின் ஓரத்தில் கட்டைவிரல் நீளத்துக்குச் சிவப்பாக ஒரு கோடு.

"ஐயோ, ரத்தம்!" என்று வடமலை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து அவன் பெண்டாட்டி செண்பகவடிவு ஓடி வந்தாள். குனிந்து பார்த்தாள். "ஏங்க, இது தூணுல இருந்த காவி. ஈரத்துணியால ஒரு தொடை தொடைச்சாப் போயிரும்" என்றாள்.

மூன்று பேரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "ஏம்மா செண்பகம், பச்சைப் புண்ணுல தண்ணி பட்டா சீழ் பிடிக்காதா? உனக்கு இன்னும் பிள்ளை வளத்துப் பழக்கமில்லை" என்றான் பூதப்பாண்டி, ரொம்பத் தன்மையாக.

"பெரியத்தான், அது இரும்புகூடக் கிடையாது. பிளாஸ்டிக்கு."

"அதான் சொல்லுதேன். இளசா இருக்கு."

செண்பகவடிவு தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே உலை கொதித்துக்கொண்டிருந்தது, அதையாவது பார்க்கலாம்.

"பிள்ளை தடுக்கி விழுந்தா முதல்ல என்ன செய்வோம்?" என்று பூதப்பாண்டி மறுபடி ஆரம்பித்தான்.

"விழ வச்ச தரையை அடிப்போம். 'உன்னைத் தள்ளிவிட்டுச்சா? இந்தா வாங்கிக்கோ'ன்னு அடிச்சாத்தான் பிள்ளை அழுகையை நிறுத்தும்" என்றான் மாடக்கண்ணு. இந்த ஒரு விஷயத்தில் அவனுக்கே சந்தேகம் இல்லை.

தூணை அடித்தார்கள். முதலில் கையால் அடித்தார்கள், கை வலித்தது. பிறகு விறகுக் கட்டை. அது முறிந்தது. கடைசியில் கடப்பாரையை எடுத்தார்கள். "எங்க பிள்ளையையா இடிச்சே? இனிமே இடிப்பியா? இடிப்பியா?" என்று மூன்று பேரும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டே போட்டார்கள். தூண் சாய்ந்தது. தூணோடு கேட்டும் சாய்ந்தது. கேட்டோடு பக்கத்துச் சுவரில் ஒரு பாதியும் போனது.

வடமலை பம்பர் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டான். "சத்தமே இல்லண்ணே. அழுகை நின்னுட்டு" என்றான்.

ஆனாலும் கோடு அப்படியே இருந்தது. வெள்ளிக்கிழமை பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. மாமனார் முகம் நினைவுக்கு வந்ததும் வடமலை, டவுனில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற இஸ்ரவேலுக்குப் போன் போட்டான்.

இஸ்ரவேல் அப்போது ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். "எனக்கு இப்ப வர நேரமில்ல தம்பி. பம்பரைப் பாக்காம ஒண்ணும் சொல்ல முடியாது. கொண்டாங்க, பாப்போம்" என்று வைத்துவிட்டார்.

"எதைக் கொண்டுவரச் சொன்னாரு?" என்று பூதப்பாண்டி கேட்டான்.

"பம்பரை."

"காரையும் சேத்தா?"

"காரைப் பத்தி ஒரு பேச்சும் பேசலண்ணே."

"வைத்தியர் சொன்னதுக்கு மேல நாமளா ஒண்ணும் செய்யக்கூடாது" என்று முடிவாயிற்று. பூதப்பாண்டி ஒரு முனையைப் பிடித்தான், மாடக்கண்ணு மறுமுனையைப் பிடித்தான், வடமலை கண்ணை மூடிக்கொண்டு நடுவைப் பிடித்தான். இழுத்தார்கள். உள்ளே இருந்த பிளாஸ்டிக் கிளிப்புகள் ஒவ்வொன்றாக 'பட், பட்' என்று உடைந்தன.

"என்னண்ணே சத்தம்?" என்றான் மாடக்கண்ணு.

"நெட்டி முறியுதுடா. பட்ட கண்ணெல்லாம் கழியுது" என்றான் பூதப்பாண்டி. இன்னும் பலமாக இழுத்தார்கள்.

பம்பர் கையோடு வந்தது. அதைச் செண்பகவடிவின் பழைய நூல் சேலையில் பொதிந்து, எது தலை எது கால் என்று கொஞ்ச நேரம் சண்டை போட்டு, பஸ் ஏறினார்கள். மூன்று பேர் மடியிலும் அது நீட்டிப் படுத்துக்கொண்டது. கண்டக்டர் வந்தார்.

"இதுக்கு லக்கேஜ் போடணும்."

பூதப்பாண்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "லக்கேஜா? மடிப்பிள்ளைக்கு எந்த ஊருலய்யா லக்கேஜ் போடுதாவ?"

"மடிப்பிள்ளையா? இம்புட்டு நீளமா இருக்கு?"

"வளத்தி எங்க வீட்டு வாகு. வந்து பத்து நாள்கூட ஆகலை, அதுக்குள்ள அடிபட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம். மனுசத்தன்மை வேண்டாமா?"

முன் சீட்டில் இருந்த ஓர் அம்மாள் 'உச்' கொட்டினாள். யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள், காற்று ஆகாதென்று. கண்டக்டர் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். டியூட்டி முடிய அவருக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது.

இஸ்ரவேல் சேலையைப் பிரித்துப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த கந்தையை மண்ணெண்ணெயில் நனைத்து ஒரு இழுப்பு இழுத்தார். கோடு போய்விட்டது. அங்கே கீறல் என்று ஒன்று இருந்ததே இல்லை.

வடமலை அவர் காலில் விழப் போனான். அவர் பதறி விலகினார். அப்புறம் பம்பரைத் திருப்பிப் பார்த்தார், முகம் மாறியது. "கிளிப் எல்லாம் போச்சே! யாருவே இதைக் கழட்டினது?"

"நாங்கதான். கையாலயே" என்றான் பூதப்பாண்டி பெருமையோடு.

இஸ்ரவேல் மூன்று பேரையும் ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். "புது கிளிப் சொல்லிவிடுதேன். வார வரைக்கும் தரையில போடாதீய, வளைஞ்சிரும். சாத்தியும் வைக்காதீய. துணியில கட்டித் தொங்கவிட்டு வைங்க. தூசி படாமப் பாத்துக்கிடுங்க" என்று அனுப்பினார். நல்ல மனுஷன். சொல்ல வேண்டியதைத் தெளிவாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் உத்தரத்தில் சேலையைக் கட்டி, பம்பரைக் கிடத்தி, தூசி படாமல் மேலே ஒரு துண்டும் போர்த்தினார்கள். தொங்கும் துணி லேசாக ஆடியது. ஆடுகிற தொட்டிலை ஆட்டாமல் விட மாடக்கண்ணுவுக்கு மனசு வரவில்லை. ஆள் மாற்றி ஆள் ஆட்டினார்கள். அதைப் பார்த்த செண்பகவடிவு சாப்பாட்டில் உப்பைக் கூட்டிப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை வெயிலுமுத்து வந்தார்.

சரிந்து கிடந்த கேட்டைத் தாண்டி வந்தவர், காருக்கு முன்னால் நின்றுவிட்டார். கார் முன்பக்கம் ஒன்றும் இல்லாமல், கம்பியும் ஒயருமாக, குழிந்து போய் நின்றது. அவர் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மறுபடி முன்னால் வந்து நின்றார். வடமலையின் கை தானாக அரைஞாண் கயிற்றுக்குப் போனது.

"அண்ணே, இப்ப என்ன சொல்ல?" என்று அவன் பூதப்பாண்டியின் காதில் கேட்டான்.

"உண்மையைச் சொல்லு. கீறல் இல்லைன்னு சொல்லு."

வெயிலுமுத்து யாரையும் பார்க்கவில்லை. "வயிறு இப்படி ஒட்டிப் போய் நிக்குதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார். நுழைந்தவர் தொட்டிலைப் பார்த்தார். மாடக்கண்ணு ஆட்டிக்கொண்டிருந்தான். மாமனாரைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்து, "இப்பத்தான் அசந்துச்சு" என்றான்.

அந்த முறுக்கு மீசைக்காரர் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, பூனை மாதிரி நடந்து வந்தார். துண்டை விலக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"எப்ப?" என்றார் மெதுவாக.

"செவ்வாய்க்கிழமை, மாமா."

"தாயும் பிள்ளையும் சுகம்தானே?"

"சுகம் மாமா. ஒரு கீறல் கிடையாது."

"நிறம் அப்படியே தாயேதான்" என்றார் வெயிலுமுத்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. வடமலை கல்யாணத்தின்போது, ஜாதகத்தில் பத்துக்குப் பத்துப் பொருத்தம் என்று ஜோசியர் அடித்துச் சொன்னாராம். அந்த ஜோசியர் மாப்பிள்ளை, பெண் ஜாதகத்தைத்தான் பார்த்தாரா, இல்லை மாப்பிள்ளை, மாமனார் ஜாதகத்தைப் பார்த்தாரா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

"அப்பா, அது பம்பர்" என்றாள் செண்பகவடிவு.

"பேரு வைக்கிறது பெரியவங்க வேலை. நீ சும்மா இரு தாயி" என்றார் அப்பா. அப்புறம் திடீரென்று அவர் முகம் சிவந்தது. "மாப்பிள்ளை! என்ன காரியம் பண்ணியிருக்கீய! தலைப்பிரசவத்தை இங்கேயா வச்சுப் பாத்தீய?"

போச்சு, சாவி போச்சு என்று வடமலை நினைத்தான்.

"தலைப்பிரசவம் தாய் வீட்டுல இல்லையா பாக்கணும்? நாலு பேருக்குத் தெரிஞ்சா என் மூஞ்சியை எங்க கொண்டு வைப்பேன்?"

மாடக்கண்ணுவுக்கு இப்போது சந்தேகம் வந்தது. "காருக்குத் தாய் வீடு எது மாமா? இதுதான் வீடுன்னு நினைச்சோம்."

"நீங்க வளத்தவங்க. பெத்தது யாரு? ஷோரூம்தானே?"

பூதப்பாண்டி தொண்டையைச் செருமினான். ஆனால் மாமனார் சொன்னதில் சேர்க்க ஒன்றுமே இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் செருமிவிட்டுச் சும்மா இருந்தான்.

பச்சை உடம்பை ஓட்டிக்கொண்டு போகக்கூடாது என்று டவுனில் இருக்கிற ஷோரூம் வரைக்கும் காரைத் தள்ளியே கொண்டு போனார்கள். வெயிலுமுத்து வாழைத்தாரும் பிரசவ மருந்தும் வைத்த தட்டோடு முன்னால் நடந்தார். வடமலை பம்பரைத் தோளில் சாய்த்துக்கொண்டு பின்னால் நடந்தான். செண்பகவடிவு வரவில்லை. வீட்டில் விழுந்த கேட்டுக்குப் பதிலாக ஓர் ஆள் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் வடமலை திரும்பி வந்தான். வியர்வையில் நனைந்திருந்தான், ஆனால் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. கல்யாணத்தன்றுகூட அவள் அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

"செண்பகம்! உங்க அப்பா சாவியைக் கேக்கவே இல்ல! நான் எம்புட்டுப் பயந்தேன் தெரியுமா? கடைசி வரைக்கும் கேக்கவே இல்ல!"

"அப்ப சாவி எங்க?"

"ஷோரூம்காரர் கையில நானே குடுத்துட்டேன். அவரு முதல்ல வாங்கமாட்டேன்னாரு. மாமா போட்ட சத்தத்துல வாங்கிக்கிட்டாரு. காருக்குள்ளேயே பிள்ளையையும் படுக்க வச்சுட்டு வந்தோம்."

செண்பகவடிவு சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "கார் எப்பங்க திரும்பி வரும்?"

"அஞ்சாம் மாசம் வந்து கூட்டிக்கிட்டுப் போறோம்னுதான் முதல்ல சொன்னோம்" என்றான் வடமலை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினான். "ஆனா கிளம்புத நேரத்துல மாமா வண்டிக்குப் பின்னால போய்ப் பாத்தாவ. பின்பக்கம் இன்னொண்ணு இருக்கு செண்பகம். இரட்டைப் பிள்ளை. அதுவும் பிறந்தப்புறம்தான் அனுப்புவாவ."