முக்கவரில் நின்ற கோடு

கருநீலி ஆற்றில் நீரோட்டத்தை எதிர்த்துப் படகோட்டிப் போனால், ஆறாம் நாள் முக்கவர் வரும். அங்கே மூன்று கிளைகள் வந்து கலக்கின்றன. மேல்குடிக்குப் போவது எந்தக் கிளை என்று கீழே ஒருவருக்கும் தெரியாது. மேல்குடிக்காரர்கள் மலைப்பாதையில் வந்து போனவர்கள். போன மழையில் அந்தப் பாதை சரிந்துவிட்டது. இப்போது அங்கிருந்து ஒருவன் மட்டும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, ஊரெல்லாம் காய்ச்சல் என்று சொன்னான்.

மருந்துப் படகு மறுநாள் புறப்பட வேண்டும். பெருமழை தொடங்கிவிட்டால் ஆற்றில் ஏற முடியாது.

ஆற்றுப்படம் வரையும் மங்களையிடம் பொன்னையன் சீடராக இருந்தார். குருவைவிடச் சீடருக்குப் பத்து வயது அதிகம். வழி தேடி இரண்டு முறை போய், இரண்டு முறையும் வெறுங்கையோடு திரும்பியிருந்தார்.

"அம்மா, இந்த வேலை எனக்கு வரல. வேற யாரையாவது அனுப்புங்க."

"படத்தைக் காட்டுங்க."

துணியை விரித்தார். கருநீலி அழகாக வளைந்து வளைந்து ஏறி, முக்கவரில் நின்றது. கிளைகளின் வாய் மட்டும் மூன்று சிறு கோடுகளாக இருந்தது.

"முக்கவருக்கு மேல எட்டு நாள் அலைஞ்சீங்களே, அது எங்க?"

"அது வழியே இல்லம்மா. ஒண்ணு நாணல் சேத்துல போய் முடியுது. இன்னொண்ணு அருவிப் பாறையில முட்டுது. அதைப் போய் எதுக்கு வரையணும்னு அழிச்சுட்டேன்."

சொல்லும்போதே வெட்கத்தில் அவர் முகம் சுருங்கியது. மங்களை, வாசலில் துடுப்பைச் செதுக்கிக்கொண்டிருந்த படகுக்காரர் இருளாண்டியைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இந்தப் படத்தை வச்சு நாளைக்கு நீங்க எப்படிப் போவீங்க?"

இருளாண்டி குனிந்து பார்த்தார். வலது கிளையில் விரலை வைத்தார்.

"இதுலதான். கோடு நல்லாத் தடிமனா இருக்கே, வாய் அகலமாத்தான் இருக்கும்."

பொன்னையன் அவர் விரலைத் தட்டிவிட்டார்.

"ஐயோ, அதுல போகாதீங்க. அஞ்சு நாள் போய்ப் பாறையில நிப்பீங்க."

"படத்துல அப்படி இல்லியே" என்றார் இருளாண்டி.

மங்களை கரித்துண்டை எடுத்துப் பொன்னையன் கையில் வைத்தாள். அவர் உட்கார்ந்தார். நாணல் சேறு, அருவிப் பாறை, பாறைக்குப் பக்கத்தில் தான் பட்டினியாகப் படுத்திருந்த மணல்திட்டு, அதன் பின்னால் மலைமேல் ஏறும் மான்தடம் வரை எல்லாவற்றையும் வரைந்தார். பொழுது சாய்வதற்குள் இரண்டு கிளைகளும் படத்தில் முழுசாக வந்துவிட்டன. நடுக்கிளை மட்டும் வெறுமையாக இருந்தது.

"நாளைக்குப் படகுல நானும் ஏறுறேன்" என்றார் பொன்னையன். துணியைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். "நடுக்கிளையும் முட்டிக்கிட்டு நின்னா என்னம்மா செய்யுறது?"

மங்களை மருந்து மூட்டை ஒன்றை எடுத்து, தன் தோளுக்குத் தாங்குமா என்று தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலது கிளைக்குத் திரும்பி, மான்தடத்துகிட்ட படகை விட்டுட்டு நடப்போம். எங்க இறங்கணும்னுதான் இப்ப வரைஞ்சுட்டீங்களே."